நாற்பத்தொன்பது அங்குல வேப்பமரம்

காலை ஆறு ஐம்பது. வெள்ளகோவில் பக்கமிருந்து முந்தின நாள் வந்திறங்கிய இரண்டு வேப்பமரங்கள் திருப்பூரில் ஒரு மர மில்லின் வாசலில் கிடந்தன. பட்டையின் மேல் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கையில் நோட்டும் பென்சிலும் வைத்திருந்தேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் கணக்குப் போடுகிறவள் நான்தான்.

தென்காசிப் பக்கத்திலிருந்து நாங்கள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்குத் தச்சு வேலை. அம்மா ஒரு பனியன் கம்பெனியில் ‘செக்கிங்’. தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்து, மார்பு, நீளம், கை என்று டேப்பால் அளந்து பார்ப்பார். கம்பெனிக்கு நாற்பதடி நீளத்தில் ‘கட்டிங் டேபிள்’ ஒன்று தேவைப்பட்டபோது, தன் வீட்டுக்காரர் செய்து தருவார் என்று மேனேஜரிடம் சொன்னதும் அவர்தான். அதுவரை கூலிக்கே போய்க்கொண்டிருந்த அப்பாவுக்கு அது முதல் சொந்த வேலை. திங்கட்கிழமை காலை அந்த மேசையில் துணி விரிக்க வேண்டும்.

உருட்டு மரத்தை அளக்க ஒரு முறை உண்டு. நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, அதை அடிக்கணக்கில் உள்ள நீளத்தால் பெருக்கி, நூற்று நாற்பத்து நான்கால் வகுத்தால் கன அடி கிடைக்கும். சுற்றளவு எடுக்க மில்லில் ஒரு கயிறு வைத்திருந்தார்கள். மில்காரர் அதை முதல் மரத்தில் சுற்றி, பிறகு ஸ்கேலில் நீட்டிப் பார்த்து, “நாப்பத்தெட்டுங்க” என்றார்.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “கயிறு மரத்துல நீளும், ஸ்கேல்ல சுருங்கும், அண்ணாச்சி. இது எக்ஸ்போர்ட் டேப்பு. பொய் சொல்லாது.”

இதற்காகவே அம்மாவைக் கூட்டி வந்திருந்தார். அம்மா தன் கம்பெனி டேப்பின் முனையைப் பட்டையில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அப்பா மறுமுனையை மரத்துக்கு அடியில் விட்டுச் சுற்றி இழுத்து, அது அம்மாவின் விரலைத் தொட்ட இடத்தைப் படித்தார். நாற்பத்தொன்பது. இரண்டாவது மரமும் அதே.

மில்காரர் சிரித்துவிட்டார். “விக்கறவன் நான் கொறைச்சுச் சொல்றேன், வாங்கற நீங்க ஏத்திச் சொல்றீங்க. நல்ல யாவாரமுங்க இது!”

“உள்ளத எழுதுங்க அண்ணாச்சி. அடுத்தவம் மரம் நமக்கு எதுக்கு?”

நான் போட்டேன். நாற்பத்தொன்பதில் கால்பங்கு பன்னிரண்டேகால். அதை அதனாலேயே பெருக்கினால் நூற்றைம்பது. பத்தடி நீளத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. வகுத்தால் பத்துப் புள்ளி நாலு. இரண்டு மரத்துக்கும் சேர்த்து இருபது புள்ளி எட்டு. அப்பாவின் மேசைக்கு அது சரியாகப் போதும். அந்தக் கணக்குக்கே பணம் கட்டி, பதினெட்டுக் கால்களையும் சட்டங்களையும் அறுக்க அளவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை மதியம் அறுத்த மரம் டெம்போவில் வந்தது. சட்டமெல்லாம் சரியாக இருந்தது. கால்கள் மட்டும் பதினான்கு.

மாலை ஐந்து மணிக்கு அப்பா முக்கு டீக்கடைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். ஷிப்டு விட்ட நேரம். தச்சர்கள், டெம்போக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். “நான் ஏத்தி எழுதச் சொன்னேன், அவன் நாலு காலை உருவிட்டு அனுப்புதான்” என்று மில்லின் பெயரைச் சொல்லியே அப்பா சத்தம் போட்டார். ஒருவர், “அதான பாத்தேன்” என்றார். எதைப் பார்த்தார் என்று சொல்லவில்லை.

அன்று விளக்கு வைத்த பிறகு அம்மா என் பள்ளிக்கூடப் பாவாடைக்கு இடுப்பளவு எடுத்தார். டேப் இருபத்தைந்தில் நின்றது. “இருபத்தி நாலு” என்றார். ஏன் என்று கேட்டேன்.

“முனை தேஞ்சிருக்குல்லா? ஒண்ணாம் நம்பர்ல புடிச்சு, ஒண்ணக் கழிச்சிரணும். கம்பெனில எல்லாரும் அப்பிடித்தான்.”

“அன்னைக்கு மரத்துல எதுலம்மா புடிச்சீங்க?”

அம்மா டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தினார். “ஒண்ணுலதான்” என்றார். “படிச்சது அப்பால்லா.”

நாற்பத்தெட்டில் கால்பங்கு பன்னிரண்டு. கணக்கு சரியாகப் பத்து கன அடி என்று வந்தது. இரண்டு மரத்துக்கும் சேர்த்து விழுந்த குறை, ஏறக்குறைய நாலு காலுக்கான மரம். நோட்டை அப்பாவிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை பார்த்துவிட்டு, “கயிறு சரியாச் சொல்லிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை அம்மா கம்பெனியில் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு மில்லுக்கு நடந்தார், நான் நோட்டோடு. அப்பா பத்தடி பின்னால் வந்தார். நடந்ததை அம்மா டேப்பைக் காட்டியே சொன்னார். மில்காரர் முனையைத் தடவிப் பார்த்தார்.

“டீக்கடைச் சேதி எனக்கு நேத்தே வந்துருச்சுங்க. இருவது புள்ளி எட்டுன்னு எழுதி இருவது குடுத்திருக்கறேன். மிச்சம் உங்களுதுதானுங்க. கண்ணு, நோட்டுல அதையும் எழுதிக்க.” வேம்பு இல்லையென்று நாலு வாகைக் கால்களை அறுத்துக் கொடுக்கச் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்து, “டீக்கடையில சொன்னதை டீக்கடையிலயே மாத்திச் சொல்லிப்போடுங்க. அது போதுமுங்க” என்றார்.

அப்பா அன்றே, அதே ஐந்து மணிக்குப் போனார். மழை பெய்துகொண்டிருந்தது. கடையில் டீ போடுகிறவரும் இன்னொருவரும் இருந்தார்கள். “அவரு மேல தப்பில்ல, நாங்கதான் தப்பா அளந்தோம்” என்று அப்பா சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வேறு யாரும் வரவில்லை. திங்கட்கிழமை மேசை நின்றது.

இப்போது கட்டிங் டேபிள்கள் இரும்புக் கால்களோடு வருகின்றன. மில்காரர் இறந்து பல வருடங்களாகின்றன. மில் இருந்த இடத்தில் கம்பெனி வேன்களை நிறுத்துகிறார்கள். சென்ற மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, கூட வந்த இளைஞர் ஒருவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், அந்த இடத்தைக் காட்டினார்.

“முன்ன இங்க ஒரு மர மில்லு இருந்துச்சாமுங்க. அறுக்கக் குடுத்தா நாலு கட்டையை உருவிப்போடுவாங்களாம்.”