கண்ணாடித் தகடும் கதிரவெளி வெயிலும்

கண்ணாடிபோல வெளிச்சம் விடுகிற பிளாஸ்டிக் கூரைத் தகடு விற்பவனுக்கு வெயிலும் எதிரி, வாங்குகிறவரும் எதிரி. மட்டக்களப்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இந்தத் தகடுகளோடுதான் என் பாடு. சாமானை விற்றுவிட்டுப் பிறகு ஏச்சு வாங்கிய ஆளா நீங்கள்? அப்படியானால் பக்கத்தில் வந்து இருங்கள்.

தெரிய வேண்டியது ஒன்றுதான். பிளாஸ்டிக் என்பது கண்ணுக்குத் தெரியாத நீளச் சங்கிலிகளின் பின்னல். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் அந்தச் சங்கிலிகளை அறுத்துவிடும். அறுந்தால் தகடு மஞ்சளாகி, மங்கி, கடைசியில் பப்படம்போல நொறுங்கும். அதைத் தடுக்கும் பூச்சு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

உரிக்காத தாள்

பூச்சுள்ள பக்கத்தில் எழுத்து அச்சடித்த மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். பூட்டியதும் உரித்துவிட வேண்டும். நகரத்தில் ஒரு ரீச்சர் கார் நிறுத்தும் இடத்துக்குத் தகடு போட்டு, வருசக் கணக்கில் உரிக்கவே இல்லை. தாள் வெயிலில் வெந்து தகட்டோடு ஒட்டி, சொறி பிடித்த மாதிரிக் கிடந்தது. ஏன் ரீச்சர் என்று கேட்டேன்.

"ரிமோட்டுக்கே உறை கழட்டாம வெச்சிருக்கம். இவ்வளவு பெரிய சாமானுக்கு உரிக்கிறதா?"

எழுத்துப் பக்கம்

கதிரவெளியில் செல்வராணி அக்காவும் இன்னும் சில பெண்களும் கருவாடு போடுகிறார்கள். மழையும் ஈயும் நாயும் அண்டாமல் மீன் காய, எங்கள் தகட்டால் ஒரு குடில் போட்டார்கள். அவர்களுடைய பிழைப்பே அதற்குள்தான். கொஞ்சக் காலத்தில் தகடு மஞ்சளாகி மங்கியது. உள்ளே சூடு ஏறவில்லை. மீன் காயாமல் நாறியது, வியாபாரி வாங்காமல் திரும்பிப் போனார்.

போய்ப் பார்த்தால் எல்லாத் தகடும் தலைகீழ். கூரை பூட்டிய ஓடாவி கொஞ்சமும் அசரவில்லை.

"எழுத்து உள்ளுக்குத் தெரியிற மாதிரித்தான் போட்டன். மேல போட்டாக் காகமா தம்பி வாசிக்கும்?"

தார்ப்பாய்

முதலாளியோடு மல்லுக்கட்டிப் புதுத் தகடு கொண்டுபோய், நானே நின்று பூட்டுவித்தேன். அக்காவைக் கூப்பிட்டு, வெயில் தகட்டை என்ன பாடு படுத்தும் என்று விளக்கினேன். அவர் ஒரு சொல் விடாமல் கேட்டார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அடுத்த கிழமை அக்கா போன் எடுத்தார். மீன் பழையபடி நாறுகிறதாம். இன்னொரு தரம் வியாபாரி திரும்பினால் தொழிலை விட வேண்டியதுதான் என்றார், அழுகிற குரலில். பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி அடித்துப்பிடித்துப் போனேன். நல்ல மத்தியான வெயில். கூரை முழுவதும் தார்ப்பாய் போட்டு, நான்கு மூலையும் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. என்னக்கா இது என்று மட்டும் கேட்டேன்.

"வெய்யில் பட்டாத் தகடு பழுதாகும் எண்டு நீங்கதானே தம்பி சொன்னீங்க. அதான் விடிய மூடி, பொழுதுபட்ட பிறகு திறந்து விடுறம்."

தார்ப்பாயை அவிழ்த்ததும் மீன் காய்ந்துவிட்டது. நான்தான் அன்றிலிருந்து எந்தப் பக்கம் மேலே என்று மட்டும் சொல்கிறேன், ஏன் என்று சொல்வதே இல்லை.