சந்து விளக்கு மேல ஒரு பொய்ப் புகார்

என் வீட்டுக்காரருக்கு நகராட்சியில தெருவிளக்கு பழுது பாக்கிற வேலை. பகலெல்லாம் ஊருக்கு வெளிச்சம் போட்டுட்டு, ராத்திரி கொல்லையில நின்னு அதே வெளிச்சத்தைத் திட்டுவார். அங்க பெயிண்ட் டப்பா மேல ஒரு பழைய கேமரா. மூணு கை மாறி வந்தது. ஆண்ட்ரோமீடான்னு ஒரு கேலக்ஸியாம், தூரத்து நட்சத்திரக் கூட்டம், அதைப் படம் பிடிக்கணும், ஒரு தடவையாவது கண்ணாலயும் பாத்துடணும். பதினோரு வருஷமா இதே பாட்டு.

"இருபத்தஞ்சு லட்சம் வருஷம் பிரயாணம் பண்ணி வருது அந்த வெளிச்சம். கடைசி முப்பது அடியில மாட்டிக்குது"ம்பார்.

மாட்டிக்கிறது கொல்லைச் சுவருக்குப் பின்னால, சந்துல நிக்கிற விளக்குல. அதைப் பொருத்தினவரும் இந்தப் புண்ணியவான்தான்.

ஒரு ராத்திரி அணைச்சுத் தொலைங்களேன்னு சொன்னா முகம் கறுத்துடும். "எரியிற விளக்கை அணைக்கவா சம்பளம் குடுக்கிறான்? பழுதுன்னு புகார் வரணும். அப்பத்தான் தொடுவேன்." புகாரை நோட்டுல ஏத்துறது அதே ஆபீஸ்ல ஃபோன் எடுக்கிற நான்.

போன மாசம் அமாவாசை சமயத்துல அந்த விளக்கு தானா செத்துப்போச்சு. இவருக்கு வாயெல்லாம் பல்லு. மறுநாள் காலையிலயே சந்துக்காரங்க ஃபோன் பண்ணிட்டாங்க, நானும் ஏத்திட்டேன். மூணு நாளுக்குள்ள சரி பண்ணணும்கிறது சட்டம். "மூணு ராத்திரி போதும்"னார்.

போதும்னவர் கேமரா பக்கம் நின்னாரா? இல்ல. இருட்டுல யாராவது விழுந்தா பாவம்னு டார்ச்சைத் தூக்கிக்கிட்டு சந்து முனைக்குப் போயிட்டார். வெளிச்சம் வானத்தைக் கெடுக்கக் கூடாதுன்னு டார்ச்சுக்குச் சிவப்புத் துணி. வர்றவங்களை ஒவ்வொருத்தரா வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டார். முதல் நாள் அஞ்சு பேர், மறுநாள் இருபது பேர். ரிட்டயர்டான வாத்தியார் ஒருத்தர் பேச்சுத்துணை கிடைச்ச சந்தோஷத்துல வீட்டுக்குப் போறதும் உடனே வெளிய வர்றதுமா இருந்தார். ஒரு தெருவிளக்கு அணைஞ்சதுக்கு என் புருஷன் தெருவிளக்கு ஆயிட்டார்.

கேமராவுக்கு நான். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டனை அமுக்கணும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல.

முதல் ரெண்டு நாளும் மேகம். மூணாவது நாள்தான் வானம் ஒரு மணி நேரம் மனசு வச்சுது. நூறு தடவைக்கு மேல அமுக்கி அமுக்கி விரல் மரத்துப்போய், சும்மா அண்ணாந்து பாத்தேன். ஈரத்துணியால துடைச்ச மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. அதேதான், ஆண்ட்ரோமீடா. கூப்பிடலாம்னா, இவர் வாத்தியாரோட ஏழாவது நடையில இருக்கார். அந்தச் சந்துல ரெண்டு பக்கமும் மாடி வீடு, வானமே ஒரு கீத்துதான் தெரியும். ஓடிப்போய் இழுத்துட்டு வர்றதுக்குள்ள மேகம் மூடிடுச்சு.

மறுநாள் காலையிலயே விளக்கைச் சரி பண்ணிட்டார். சாயங்காலம் கம்ப்யூட்டர்ல அத்தனை படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினார். வந்துடுச்சு கேலக்ஸி. மனுஷன் சிரிக்கவே இல்ல.

"நீ நேர்லயே பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

எனக்கு அழுகைதான் வந்துச்சு.

அடுத்த நாள் ஆபீஸ்ல நோட்டைத் திறந்து எழுதினேன். சந்து விளக்கு மினுக்குது, ராத்திரி எட்டரைக்கு வந்து பாக்கவும். புகார் குடுத்தது, நான். பச்சைப் பொய்.

எட்டரைக்கு யூனிஃபார்மோட, ஏணியோட வந்து நின்னார். ரொம்ப நேரம் விளக்கைப் பாத்தார்.

"நல்லாத்தானே எரியுது?"

"அணைச்சு சோதனை பண்ணாமலே எப்படிச் சொல்றீங்க?"

என்னை ஒரு பார்வை பாத்தார். கம்பத்தடியில இருந்த பெட்டியைத் திறந்து சுவிட்சை அணைச்சார். "சூடு ஆறணும். பத்து நிமிஷமாவது ஆகும்"னு அவரே சொன்னார்.

கொல்லைக்கு இழுத்துட்டு வந்தேன். நல்லவேளை, மேகமே இல்ல. கண்ணு இருட்டுக்குப் பழகுற வரைக்கும் நின்னோம். அப்புறம் மோவாயைப் பிடிச்சு, பாக்க வேண்டிய பக்கம் திருப்பி விட்டேன். கொஞ்ச நேரத்துல என் கையை இறுக்கிப் பிடிச்சார்.

சுவருக்கு அந்தப் பக்கம் வாத்தியார் குரல். "விளக்கு போயிடுச்சு போலிருக்கே. தம்பி, கிளம்பலாமா?"

இவர் தலையைக் குனியவே இல்ல.

"கொஞ்சம் நில்லுங்க சார். வேலையா இருக்கேன்."