புல்வெளி எரிந்த பிற்பகல்

காய்ந்த புல் காற்றில் உரசும் சத்தம், வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ நின்றுகொண்டு மொடமொடப்பான பட்டுச்சேலையை ஓயாமல் மடிப்பது போல இருக்கும். டெக்சாஸில் ஆலன் என்ற ஊரின் ஓரத்தில் நாங்கள் குடிபோன வீட்டுக்குப் பின்னால், கோடை முழுக்க அந்தச் சத்தம் காலையில் மெல்லவும் மதியத்துக்கு மேல் உரக்கவும் கேட்டுக்கொண்டே இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது, கோபிசெட்டிபாளையத்திலிருந்து அம்மாவும் நானும் இரண்டு வயதுத் தம்பியும் அப்பாவிடம் வந்து சேர்ந்திருந்தோம். ஆலன் அப்போது இன்றைய ஆலன் இல்லை. எங்கள் "சப்டிவிஷன்" குடியிருப்பு பாதி கட்டி முடித்த நிலையில் இருந்தது. ஆள் குடியேறிய வீடுகள் கொஞ்சம், மரச்சட்டங்களாக நின்றவை கொஞ்சம், புல்லையெல்லாம் வழித்துவிட்டு வெறும் மண்ணாகக் கிடந்த மனைகள் மீதி. அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்தான்.

வந்து இறங்கிய முதல் வாரமே அம்மா பின்பக்கம் போய் ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்துவிட்டு, இது நம்மூர்க் கரிசல் மண்தான் என்றாள். அவளுடைய அப்பா கரும்பும் மஞ்சளும் போட்டவர். மண்ணைத் தொடாமல் அவளால் ஓர் இடத்தை நம்ப முடியாது. கோடையில் அந்த மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு வெடிப்புக்குள் என் பந்து விழுந்து, குச்சியை விட்டுத் துழாவியும் கிடைக்காமல் போனபோது, பூமிக்குள் அவ்வளவு ஆழம் வாயைத் திறந்துகொண்டு இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா விடிந்ததும் இருந்த ஒரே காரை எடுத்துக்கொண்டு இர்விங்கில் உள்ள ஆபீசுக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்த வீட்டை விட்டு எங்கும் போக முடியாது. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், பேச வராது. பருப்பும் புளியும் வாங்கச் சனிக்கிழமை "ஃப்ரீவே"யில் நெடுந்தூரம் போகவேண்டும். அம்மா சலித்துக்கொண்டால் அப்பா ஒரே பதிலைச் சொல்வார்: "மொதல்ல வர்றவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். பின்னால வர்றவங்களுக்கு ஈசியாயிடும்."

அந்த வருடம் பள்ளி திறந்ததும் எங்கள் ஆசிரியை ஆரம்பித்த பாடம் அந்தப் பகுதிக்கு முதலில் குடியேறியவர்களைப் பற்றியது. மாட்டு வண்டியில் வந்து, மரமே இல்லாத புல்வெளியில் மண்ணைக் குடைந்து வீடு கட்டிக்கொண்டவர்கள், விறகு கிடைக்காமல் காய்ந்த சாணத்தை எரித்துச் சமைத்தவர்கள் என்று அவர் சொன்னபோது வகுப்பே முகம் சுளித்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்; வறட்டிதானே, அதற்கு ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். அவர்களுக்கும் முன்னால் அந்த மண்ணில் இருந்தவர்களைப் பற்றி ஆசிரியை அதிகம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவர் கதை சொல்வதில் கெட்டிக்காரர், அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. வெட்டுக்கிளிகள் மேகம் போல இறங்கிப் பயிரைத் தின்றுவிட்டு, கொடியில் காய்ந்த துணியையும் தின்றதைச் சொன்னார். ஆள் உயரப் புல்லுக்குள் காணாமல் போன குழந்தைகளைச் சொன்னார். மாவு அரைக்கவும் உப்பு வாங்கவும் வண்டி கட்டிக்கொண்டு போன கணவன் எப்போது திரும்புவான் என்று தெரியாமல் குழந்தைகளோடு தனியாகக் காத்திருந்த பெண்களைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாகத் தீயைச் சொன்னார். காய்ந்த புல்லில் பற்றிய தீ குதிரையை விட வேகமாக ஓடும், பெண்களின் நீளப் பாவாடையில் பற்றிக்கொள்ளும், உழுத நிலத்துக்கோ ஏற்கெனவே எரிந்த நிலத்துக்கோ போய்ச் சேர்ந்தவர்கள்தான் பிழைத்தார்கள் என்றார்.

மற்றப் பிள்ளைகளுக்கு அது பழங்கதை. எனக்கோ அவர் எங்கள் வீட்டைத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. வண்டியை எடுத்துக்கொண்டு போகிற அப்பா, புல்லுக்கு நடுவே நாங்கள், சேலை கட்டிய அம்மா. பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியதும் வேலியின் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் புல்லைப் பார்ப்பதும், ஒன்றும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே உள்ளே போவதும் வழக்கமாயிற்று. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

அப்படிப் பார்த்த ஒரு செப்டம்பர் பிற்பகலில் புல்லின் விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. புழுதி என்றுதான் முதலில் நினைத்தேன். பல வாரங்களாக மழை இல்லை; காற்று மட்டும் பலமாக இருந்தது. பிறகு அந்தக் கோடு தடித்தது, வாசனை வந்தது. நான் கத்தவில்லை. உள்ளே ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். பின்பக்கம் கையைக் காட்டினேன். அவள் பின்கதவைத் திறந்து ஒரு முறை மூச்சை இழுத்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும், இதுவரை நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று புரிந்தது.

தீயணைப்புக்கு நான்தான் போன் செய்தேன், ஆங்கிலம் பேசத் தெரிந்த ஆள் நான் என்பதால். மறுமுனையில் இருந்த பெண் நிதானமாக முகவரி கேட்டார், வண்டிகள் புறப்பட்டுவிட்டன, உடனே வீட்டை விட்டு வெளியேறுங்கள் என்றார். எப்படி வெளியேறுவது என்று நான் கேட்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து வெளியே போக ஒரே சாலை, அதுவும் புல்வெளியை ஒட்டிப் போவது. வாசலுக்கு வந்தபோது அந்தச் சாலையைப் புகை மூடியிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கட்டுகிற வேலையும் அன்று நடக்கவில்லை.

அம்மா என்னுடைய நைலான் கவுனைக் கழற்றச் சொல்லிப் பருத்திச் சட்டையை மாட்டிவிட்டாள். துண்டுகளைக் குழாயடியில் நனைத்து எங்கள் தலையைச் சுற்றிப் போட்டாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று கண்ணை மூடி முகத்தால் பார்த்தாள். கரும்பு வெட்டியதும் வயலில் மிஞ்சும் காய்ந்த சோகைக்குத் தீ வைப்பதைச் சிறு வயது முழுக்கப் பார்த்தவள் அவள். "மண்ணு வழிச்ச எடத்துக்குப் போலாம் கண்ணு. அங்க தீ வராது. வெசையா நட," என்றாள்.

ஆசிரியை சொன்னதையே அவளும் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மாறாக, அந்தக் கதைகள் அத்தனையும் உண்மை என்பதுதான் எனக்கு உறைத்தது.

தெருவின் கோடியில் வீடு எழும்பாத மனைகள் நாலைந்து ஒன்றாகக் கிடந்தன. புல்டோசர் உழுதுபோட்ட கரிசல் கட்டிகள் காலை இடறின. நடுவில் கொட்டி வைத்திருந்த மண்மேட்டுக்குப் பின்னால் எங்களை உட்காரவைத்துவிட்டு அம்மா நிமிர்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் டாரதியின் வீடு தெரியும். டாரதி எழுபது கடந்தவர். எங்கள் தெரு போடுவதற்கு முன்பிருந்தே, புல்லுக்குள் தள்ளி நின்ற பழைய மரவீட்டில் தனியாக இருந்தார். சுத்தமாகக் காது கேட்காது. எப்போதாவது வேலிக்கு வந்து அம்மாவுக்குத் தக்காளி கொடுப்பார், அம்மா சிரிப்பாள், அவரும் சிரிப்பார், அவ்வளவுதான் பழக்கம். அவருடைய பழைய லாரி வீட்டருகே நின்றது. அப்படியென்றால் உள்ளேதான் இருக்கிறார். மதியம் தூங்குகிற நேரம்.

அம்மா தம்பியை என் மடியில் வைத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போகாதே என்று அழுதேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"அந்தம்மாளுக்குச் சொல்ல ஆளில்ல கண்ணு. தம்பிய மட்டும் உட்ராத. நான் வர்ற வரைக்கும் இந்த மண்ண விட்டு எந்திரிக்காத."

நனைத்த துண்டை முக்காடாகப் போட்டு, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச தூரம் அவள் நீலச்சேலை தெரிந்தது. பிறகு புகை கீழே இறங்கியது, சேலை தெரியவில்லை.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்கு இன்றும் தெரியாது. தீயின் சத்தம் அப்போதுதான் முதலில் கேட்டது. மழைக்காலத்து ஆறு போல ஓர் இரைச்சல், நடுநடுவே படபடவென்ற வெடிப்பு. சூரியன் சிவப்புப் பொட்டாகச் சிறுத்துப்போனது. முயல்களும் எலிகளும் எங்களைக் கடந்து ஓடின. ஒரு பாம்பு, என் காலுக்கு மிக அருகில், என்னைப் பொருட்படுத்தாமல் போனது. நான் அசையவில்லை. தம்பி அழுது இருமி, கடைசியில் அழுகையை நிறுத்திவிட்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் அழுதபோது இருந்ததை விட அவன் நிறுத்தியபோது எனக்குப் பயம் அதிகமாயிற்று. அம்மா வரமாட்டாள், அப்பா மாலையில் வந்து எங்களைத் தேடும்போது இந்தக் கருப்பு மண்ணில் நாங்கள் எங்கே என்று தெரியாது, ஆசிரியை அடுத்த வருடம் எங்களைப் பற்றியும் வகுப்பில் சொல்வார் என்றெல்லாம் நினைத்தேன். அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தால் புகைதான் உள்ளே போனது.

அவர்கள் வந்தது நான் எதிர்பார்த்த திசையிலிருந்து இல்லை. மனையின் மறுபக்கத்திலிருந்து, எரிந்து முடிந்து புகைந்துகொண்டிருந்த தரை வழியாக, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு வந்தார்கள். அம்மாவின் துண்டு டாரதியின் தலையில் இருந்தது. டாரதியின் ஒரு காலில் செருப்பு இல்லை. அம்மா வந்து உட்கார்ந்து எங்கள் இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் முடி கருகிய வாடை எனக்கு வெகுநாள் மூக்கிலேயே இருந்தது. டாரதி திரும்பி உட்கார்ந்து, தன் வீட்டின் கூரை பற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இடிந்து உள்ளே விழுந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தீயணைப்பு வண்டிகள் வந்து எங்கள் தெருவைக் காப்பாற்றின. எங்கள் வேலி எரிந்தது, பின்பக்கச் செங்கல் சுவர் கருத்தது, ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன, வீடு நின்றது. சாலையைப் போலீஸ் மறித்திருந்ததால் காரை விட்டுவிட்டு ஓடிவந்த அப்பா, எங்களைக் கண்டதும் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

டாரதியின் மகன் மேற்கே எங்கோ எண்ணெய்க் கிணற்றில் வேலையில் இருந்தார். அவர் வரும்வரை டாரதி எங்கள் வீட்டில் இருந்தார். அம்மா குழைத்த பருப்புச் சோறு கொடுத்தாள், அவர் கரண்டியால் சாப்பிட்டார். ஒரு காலையில் என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எரிந்த வெளிக்குள் நடந்தார். சாம்பலுக்கு நடுவே, இத்தனை நாள் புல் மறைத்திருந்த மூன்று கல்லறைக் கற்கள் நின்றன. இரண்டு மிகச் சிறியவை. அவருடைய கொள்ளுப்பாட்டியும் அவர் பெற்ற இரண்டு பிள்ளைகளும் என்றார். இங்கே வந்த முதல் கோடையில், கணவர் மாவு அரைக்கப் போயிருந்தபோது, இரண்டு பிள்ளைகளும் ஒரே காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். கணவர் வரக் காத்திருக்க முடியாமல் அந்தப் பெண்ணே புதைத்தாராம்.

நான் தமிழில் சொன்னேன். அம்மா கல்லைத் தொட்டாள். இந்த மண் கோடையில் பாறையாக இறுகுமே, தனியாக எப்படித் தோண்டினார் என்று கேட்கச் சொன்னாள். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். டாரதி தரையில் ஓடிய ஒரு வெடிப்பைக் காலால் காட்டினார். இருந்த வெடிப்பையே அகலப்படுத்திக்கொண்டார் என்றார். அந்தக் குழிக்குள் வைத்தவற்றைப் பற்றி நான் நினைக்காமல் இருக்க முயன்றேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவம், கூட ஒரு ஆளுகூட இல்ல," என்றாள். அந்தப் பெண் அதற்குப் பிறகும் அங்கேயே இருந்து, மேலும் பிள்ளைகள் பெற்று, கிழவியாகித்தான் இறந்திருக்கிறார். அதை எப்படிச் செய்தார் என்று டாரதிக்கும் தெரியவில்லை.

இப்போது அந்த வெளியில் ஒரு பிடி புல் கிடையாது. கடைகள், ஒரு பல் மருத்துவமனை, ஒரு "டேகேர்", அகலமான "பார்க்கிங் லாட்". கற்கள் மட்டும் இரும்புக் கம்பி வேலிக்குள், கார்கள் திரும்புகிற மூலையில் இருக்கின்றன. டாரதி மகனோடு போன சில வருடங்களில் காலமானார். எங்கள் தெருவில் இன்று பாதிக்குமேல் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள். அம்மா அதே வீட்டில் இருக்கிறாள், எங்கும் தானே "டிரைவ் பண்ணி"ப் போகிறாள். நானோ இன்னமும் எந்த ஊரில் தங்கினாலும் முதலில் ஜன்னல் வழியாக என்ன எரியக்கூடும் என்றுதான் பார்க்கிறேன்.

போன முறை ஆலனுக்குப் போயிருந்தபோது, இத்தனை வருடங்களாகக் கேட்காததை அம்மாவிடம் கேட்டேன். எங்களை மண்மேட்டில் விட்டுவிட்டு அந்தப் புகைக்குள் போகும்போது உனக்கு எதற்குப் பயமாக இருந்தது, தீக்கா, எங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றா என்று.

"அதெல்லாம் நெனைக்க எங்க நேரம்? அந்தம்மா எந்திரிச்சா இங்கிலீஷ்ல என்ன சொல்றதுன்னுதான் ஒரே பயம். வழி பூராச் சொல்லிப் பாத்துட்டே போனேன். கதவத் தள்ளிட்டுப் போயி அவங்களத் தட்டி எழுப்புனதும் அத்தனையும் மறந்துபோச்சு."

அப்புறம் என்னதான் சொன்னாய் என்று கேட்டேன்.

"வாங்க போலாம்னேன்," என்றாள். "வந்துட்டாங்க."