பெரியப்பாவின் வெள்ளைக்காரப் பேர்

என் பெரியப்பாவை எனக்குப் பிடிக்காது. செத்தவர்களைக் குறைசொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதே பிடிக்காதவரைச் செத்ததற்காக எப்படிப் பிடிக்கும்?

எங்கள் குடும்பத்துக்கு ஓர் இங்கிலீஷ் பேர் இருந்தது. முப்பாட்டனின் ஞானஸ்நானத்தில் மன்னாரில் இருந்த சுங்கத் துரை ஒருவர் ஞானத்தகப்பனாக நின்றாராம். அவர் பேரையே பிள்ளைக்கு வைத்தார்கள். அது குடும்பப் பேராக நிலைத்தது. கதை இவ்வளவுதான். பெரியப்பாவோ, துரை இங்கிலாந்தின் வடக்கே கோட்டை கட்டி ஆண்ட பரம்பரை, பேர் வந்ததால் நாமும் அந்தப் பரம்பரை என்பார். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போயும் பெரியப்பா அவனை விடவில்லை.

அப்பா இல்லாததால் என் கலியாணம் அவர் கையில் இருந்தது. நான் விரும்பியவர் விடத்தல்தீவில் கடற்தொழில் செய்கிறவர். வெளியூர்க்காரரை ஊர்ப்பேரால் அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் பெரியப்பா ‘விடத்தல்தீவான்’ என்று சொன்னால் காறித் துப்பியதுபோல் இருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் பேச வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்களை மட்டந்தட்டி அனுப்புவதற்கென்றே ஒரு வெள்ளைக்காரரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தார். தலைமன்னார் இறங்குதுறையைப் பார்க்க வந்த இஞ்சினியர். துரையின் பகுதியையே சேர்ந்தவர். நண்டைக் கையால் உடைத்துச் சாப்பிட்ட நல்ல மனிதர். எங்கள் பேரின் பெருமையைச் சொல்லும்படி பெரியப்பா அவரைக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு விளங்க நான் தமிழில் சொல்ல வேண்டுமாம்.

அது ஒரு சின்னக் கிராமத்தின் பேர் என்றார் அவர். கோட்டை ஒன்றும் இல்லை, ஆடும் சேறும்தான். அந்தக் கிராமத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பேர் கிடையாது. பிழைப்புத் தேடி வெளியேறியவனைத்தான் போன ஊரில் அப்படிக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

இங்கிலீஷ் தெரிந்த பெரியப்பாவுக்கு நான் தமிழில் சொல்லி முடிக்குமுன்பே விளங்கிவிட்டது.

“காணும், நிப்பாட்டு,” என்றார்.

நான் நிறுத்தவில்லை. ஒரு சொல் விடாமல் வாசல்வரை கேட்கும்படி சொன்னேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் நிமிர்ந்தார்.

“அப்ப உங்களையும் எங்களைப்போல ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கினம் ஐயா.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத்தான் பெரியப்பாவால் தாங்க முடியவில்லை. சாப்பாட்டின் பாதியில் எழுந்து போனார். அம்மா அன்றைக்கே நாள் குறிக்கச் சொன்னார். கலியாணத்துக்குப் பெரியப்பா கோயில் பக்கமே வரவில்லை.

விடத்தல்தீவில் என் இங்கிலீஷ் பேர் யாருக்கும் தெரியாது. அங்கே நான் மன்னார்க்காரி. பல வருடங்கள் கழித்து, பெரியப்பா படுக்கையில் விழுந்ததும் பார்க்கப் போனேன். கண் மங்கியிருந்தது. யார் வந்திருப்பது என்று கேட்டார். என் பேரைச் சொல்லியிருக்கலாம்.

“விடத்தல்தீவாள் வந்திருக்கிறன்,” என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கதிரையை இழுத்துப் போட்டு, பஸ்சுக்கு நேரமாகும்வரை அங்கேயே இருந்தேன்.