முப்பது தலையாட்டல்கள்

பி.எட். படித்த வருஷம் எங்கள் வகுப்பே ஒருமனதாக வெறுத்தது ஆராய்ச்சியைத்தான். அதை எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். பாடம் நடத்தப் போகிறவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று நான் புலம்பாத நாளில்லை. முப்பது தாய்மார்களிடம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். நான் பழவேற்காடு டச்சுக்காரர் கல்லறைச் சுவரோரம் உட்கார்ந்து, ஐந்து பேனாக்களை மாற்றி மாற்றி, முப்பதையும் ஒரே மத்தியானத்தில் நானே நிரப்பினேன். உள்ளே படுத்திருப்பவர்களைக் கேட்டு எழுதியிருந்தாலும் அதைவிட உண்மையாக இருந்திருக்கும்.

என் தோழி தேவகி மட்டும் நிஜமாகவே கேட்கப் போனாள், பைத்தியக்காரி. கடலோரக் குப்பத்துப் படகுக்காரர் நீலமேகத்தின் மகள். அந்த வீட்டுக்கு அவளுடையதுதான் முதல் பட்டம். ஜூனுக்குள் சான்றிதழ் வந்தால் பொன்னேரியில் ஒரு பள்ளியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்பது அவள் தலைப்பு. அந்தப் பெண்கள் வீட்டில் அகப்படுவதேயில்லை. அதனால் முட்டளவுத் தண்ணீரில் நின்றுகொண்டே கேட்டாள். “பிள்ளையின் படிப்பை நிறுத்தும் எண்ணம் உண்டா?” முப்பது பேரும் தலையை மேலும் கீழும் ஆட்டினார்கள். அவளும் ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டாள்.

எங்கள் பேராசிரியர் உலகநாதன் இவ்வளவு தெளிவான முடிவைப் பார்த்ததே இல்லை என்று மகிழ்ந்து கையெழுத்துப் போட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். இவள் அதை, நாங்கள் பயிற்சிக்காகப் பாடம் நடத்திய பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் வாசித்தாள். அந்த முப்பது பேரில் ஒருத்தியான எல்லம்மா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். அவள் மகள் அங்கே நாலாவது படித்துக்கொண்டிருந்தாள்.

“நான் எப்ப டீச்சர் அப்டி சொன்னேன்?”

“தலைய ஆட்டினீங்களேக்கா.”

“வாயில பறிய கடிச்சிக்கினு இருக்கும்போது வேற இன்னா பண்றது? இப்படியும் அப்படியும் ஆட்டினா பறி கவுந்து இறாலெல்லாம் தண்ணிக்கே போய்டும். அப்புறமா பேசலாம்னுதான் ஆட்டினேன்.”

பிடித்த இறாலைப் போடும் ஓலைக்கூடைதான் பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அதைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அந்தப் பக்கத்திலேயே பிறந்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள். படகுக்கார வீட்டுப் பெண்கள் அந்தச் சேற்றில் இறங்குவதில்லை.

ஆராய்ச்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள் தேவகி. “கையெழுத்து போட்டாச்சேம்மா, விட்டுடு” என்றார் உலகநாதன். நானும் திட்டினேன். “பெரிய அரிச்சந்திரன் பேத்தி. யாருடீ அதையெல்லாம் படிக்கப் போறாங்க?”

“அவங்க சொல்லாதத சொன்னாங்கன்னு எழுதி இருக்கேன்டீ. அத வச்சிக்கினு நான் எப்படிப் பாடம் நடத்துவேன்?” என்றாள்.

மறுநாளிலிருந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். ஒவ்வொருத்தியின் பறியையும் தன் கையில் வாங்கிக்கொண்டு, கூடவே நடந்து கேட்டாள். மனசு கேட்காமல் நானும் போனேன். எல்லம்மா முன்பல் இரண்டு ஆடுவதைக் காட்டினாள். “பறிய கடிச்சிக் கடிச்சி இப்படி ஆயிட்ச்சி. அவ படிக்கணும்னுதான் கடிக்கிறேன். நிறுத்துவனா?”

முப்பதில் இருபத்தாறு பேர் நிறுத்த மாட்டோம் என்றார்கள். ஆனால் கடைசித் தேதி தாண்டிவிட்டது. பொன்னேரி வேலை வேறொருத்திக்குப் போனது. எனக்கு முதல் வகுப்பு. என் முப்பது தாய்மார்களில் ஒருத்திகூட இந்த உலகத்தில் இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் பட்டம் வந்த அன்று தேவகி அதை ஏரிக்கரைக்கு எடுத்துப் போனாள். எல்லம்மா இடுப்பளவுத் தண்ணீரில் இருந்தாள், வாயில் பறி.

“பாஸாயிட்டேன்கா. சந்தோஷமா?”

தலையாட்டினாலே போதும்தான். எல்லம்மா கரைக்கு நடந்து வந்து, பறியை வாயிலிருந்து எடுத்துத் தேவகி கையில் கொடுத்துவிட்டு, “ரொம்ப சந்தோஷம்மா” என்று சொன்னாள்.