அக்காவுக்குப் பொருந்திய ஒரே பாடி

எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. 'உள்ள போடுறது' என்பாள் அம்மா. கடையில் 'பாடி' என்பார்கள். ராஜபாளையம் பஜாரில் ஒரு துணிக்கடைக்காரரிடம் அம்மா தணிந்த குரலில் கேட்பாள். அவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவார். எனக்கும், என்னைவிட இரண்டு வயது மூத்த அக்காவுக்கும் ஒரே அளவுதான். அக்காவுக்கு நல்ல சதைப்பிடிப்பான உடம்பு. அதை யாரும் யோசிக்கவில்லை.

"இறுக்கமா இருந்தாத்தான்டி அடக்கமாத் தெரியும்" என்பாள் அம்மா.

சாயங்காலம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒருவருக்கொருவர் கொக்கியைக் கழற்றிவிடுவோம். அக்காவின் தோளில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருக்கும். விலாவைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

எண்பதுகளின் கடைசியில் அக்காவுக்குக் கல்யாணமானது. அத்தான் ராணுவத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அக்கா ராஜபாளையத்திலேயே வாடகை வீட்டில் இருந்து நூல் மில் வேலைக்குப் போனாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டு, ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போவேன்.

அப்படிப் போன ஒருநாள், சோறு வடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி, இடது பக்கம் கல்லு மாதிரி என்னமோ இருக்கு. வலியும் இல்ல. இங்கன, தொட்டுப் பாரு."

தொட்டேன். புளியங்கொட்டை அளவுக்கு விரலில் தட்டுப்பட்டது. பாடியின் ஓரம் அழுத்தும் இடம் சரியாக அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இம்புட்டு இறுக்கமாப் போட்டா நரம்பு கட்டிக்கிடாம என்ன செய்யும்? பெருசா ஒண்ணு வாங்கிப் போடு, தன்னால கரைஞ்சிரும்."

அதைச் சொன்னவள் நான்தான். வேறு யாரும் இல்லை. மறு வாரம் நானே பெரிய அளவில் இரண்டு வாங்கிக்கொண்டு போனேன். அது தொளதொளத்தது. பட்டி தோளிலிருந்து வழுக்கி வழுக்கி விழ, அக்கா ஊக்கு குத்திக்கொண்டு மில்லுக்குப் போனாள். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன். "இப்பத் தேவலைட்டி" என்பாள். ஏழு மாதம் அப்படியே போனது. மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லீவில் வந்த அத்தான்தான் கண்டுபிடித்தார். அந்த இடத்தில் தோல் உள்வாங்கிச் சுருங்கியிருந்தது. மறுநாளே மதுரைக்குக் கூட்டிப்போனோம். பரிசோதித்த டாக்டரம்மாவிடம் முதலில் வாய் திறந்தது நான்தான்.

"பாடி இறுக்குனதால வந்ததா டாக்டர்?"

"இல்லம்மா. அதனால எல்லாம் இந்தக் கட்டி வராது. முதல்ல எப்ப கவனிச்சீங்க?"

அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"போன மாசந்தான்."

இடது மார்பை எடுத்துவிட்டார்கள். காயம் ஆறியபின், அங்கிருந்த வயதான நர்ஸ் ஒருத்தி அளவு நாடாவோடு வந்தாள். மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று என்று அளந்து குறித்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, இடது பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த பாடி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

"இப்ப நல்லா மூச்சு இழுத்து விடும்மா. அடிப்பட்டைதான் பாரத்தைத் தாங்கணும், தோளு இல்ல. முதுகுல மேல ஏறக்கூடாது. ரெண்டு விரலு உள்ள போகுதா? கையைத் தூக்கு. அசையல பாத்தியா? செத்த நேரத்துல, போட்டிருக்கிறதே மறந்துபோகணும். அதுதான் சரியான அளவு."

அக்கா மூச்சை இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். சின்னப் பிள்ளை புதுச்சட்டை போட்டதுபோல முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, எங்கயும் கடிக்கலையே! இது இப்படியா இருக்கும்? இம்புட்டு நாளா நாம என்னத்தட்டி போட்டுக்கிட்டு இருந்தோம்?"

நான் வராந்தாவுக்கு வந்து, சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

அடுத்த மழைக்காலம் வரை வேலைக்குப் போனாள். பிறகு முதுகெலும்பில் வலி என்றாள். அங்கேயும் பரவியிருந்தது. கடைசி இரண்டு மாதம் என் வீட்டில்தான் படுத்திருந்தாள். துணி பட்டாலே எரிகிறது என்று சேலையை மட்டும் மேலே போட்டுக்கொள்வாள். எத்தனையோ தடவை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, 'அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா' என்று ஆரம்பிக்கப் பார்த்தேன். ஒருநாள் அவளுக்கே புரிந்துவிட்டது போலும்.

"என்னத்தையாவது பேசாத. கால அமுக்கி விடு" என்றாள்.

மூன்றாம் நாள் போய்விட்டாள். அத்தான் காரியம் முடிந்து ரயில் ஏறினார். அவருக்கு நான் இன்றுவரை அந்த ஏழு மாதத்தைச் சொல்லவில்லை.

கூடப்பிறந்தவள் என்பதால், மாதம் ஒருமுறை நானே தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, எப்படி என்றும் டாக்டரம்மா காட்டியிருந்தார். குளிக்கும்போது ஒவ்வொரு முறையும் நினைப்பு வரும். கை எழாது. தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொண்டு, ஈரம்கூடத் துடைக்காமல் வெளியே வந்துவிடுவேன்.