இடப்பக்கத்து நட்டு

1. வால் துள்ளிய வண்டி

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு மோட்டார் கராஜில் நான் ஃபிட்டர். முதலாளி சுந்தரம் ஒரு பழைய காரின் பாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு சீட்டும் ஸ்டீரிங்கும் மட்டும் மிச்சம் வைத்து ரேஸ் வண்டி செய்தார். தொம்மலூர்ப் பக்கம் வற்றிக் கிடந்த ஏரிக்குள் வட்டமாக மண் டிராக் போட்டிருந்தார்கள். வண்டிகள் எப்போதும் இடப்பக்கமே திரும்பி ஓடும். ஓட்டுபவன் லூர்து. எங்கள் கராஜின் லாரி டிரைவர், என் தங்கை ஸ்டெல்லாவின் புருஷன்.

ஒத்திகை ஓட்டத்தில் முதல் வளைவிலேயே பின்பக்கம் துள்ளி, வண்டி கவிழப் பார்த்தது. லூர்து எப்படியோ நேராக்கிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"ஷாக் அப்சார்பர இறுக்கு," என்றார் முதலாளி.

அந்தக் காலத்து ஷாக் அப்சார்பர் என்பது, ஒன்றோடொன்று உரசும் வட்டத் தகடுகளை நட்டுப் போட்டு இறுக்கியதுதான். இறுக்கினால் ஸ்ப்ரிங் சுலபத்தில் அசையாது. இரண்டு பக்கமும் இறுக்கினேன். துள்ளல் அதிகமானது. இரண்டு பக்கமும் தளர்த்தினேன். வண்டி படகு மாதிரி ஆடியது. பட்டை ஸ்ப்ரிங்கில் ஒரு பட்டையைக் கூட்டினேன், பிறகு அதையே கழற்றினேன். எதிலும் சரிவரவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் மறுபடி இறுக்கியே வைத்தேன். மறுநாள் ரேஸ்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. ஸ்டெல்லா அப்போது முழுகாமல் இருந்தாள். "அண்ணா, நீ பாத்த வண்டின்னுதான் அவர அனுப்புறேன்," என்றாள். அதற்கப்புறம் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

2. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தது

ரேஸ் அன்று காலையில் டிராக் ஓரத்தில் மறுபடி ஸ்பேனரை எடுத்தேன். லூர்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"கீழ படுத்துக்கிட்டு என்னத்த மச்சான் தேடுற? நிக்கிற வண்டி எங்கயாச்சும் துள்ளுமா? வந்து பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தேன். ஆனால் முன்னால் பார்த்து அல்ல. சீட்டில் மண்டியிட்டு, அதன் முதுகைக் கட்டிக்கொண்டு, பின் ஆக்ஸிலைப் பார்த்தபடி. வளைவு வந்ததும் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. இடப்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஸ்ப்ரிங் அதைக் கீழே தள்ளப் பார்த்தது. இறுக்கிய ஷாக் அப்சார்பர் விடவில்லை. சக்கரம் காற்றில் வெறுமனே சுற்றியது. பிறகு தரையில் விழுந்து மண்ணைக் கவ்வியபோது வண்டியின் வால் வெடுக்கென்று துள்ளியது.

"நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினேன்.

இறங்கி, இடப்பக்க நட்டை மட்டும் தளர்த்தினேன். சாய்வைத் தாங்க வலப்பக்கத்தை இறுக்கமாகவே விட்டேன். முதலாளி ஓடி வந்தார்.

"பேடப்பா, பேடா! வேணாம்! ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். தெரியாதா ஒனக்கு?"

"ரோட்டுல சரிங்க மொதலாளி. இங்க ஒரே பக்கந்தான திரும்புது?"

"வண்டி என்னுது."

"உசுரு என்னுது மொதலாளி," என்றான் லூர்து. "நம்பிக்கை இல்லன்னா நீங்களே ஏறிப் பாருங்க."

அவர் ஏறுவார் என்று நாங்கள் நினைக்கவில்லை. கோட்டைக் கழற்றி என்னிடம் எறிந்துவிட்டு, கனத்த உடம்போடு பின்பக்கம் பார்த்து மண்டியிட்டார். ஒரு சுற்று போய் வந்தபோது மீசையெல்லாம் செம்மண். வாயிலிருந்த மண்ணைத் துப்பினார்.

"இன்னும் கொஞ்சம் தளத்து," என்றார்.

3. ரேஸ்

அன்று மத்தியானம் என்னால் பார்க்க முடியவில்லை. டிராக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். முதலாளிதான் வந்து தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"பாருப்பா, ஒட்டிக்கிட்டுப் போறான்."

இடச் சக்கரம் மண்ணை விடவில்லை. வால் அளவாக விலகி, அப்படியே வளைந்து வந்தது. லூர்து இரண்டாவதாக வந்தான். முதலில் வந்த வண்டியின் இன்ஜின் எங்களுடையதைவிடப் பெரியது. அதற்கு என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

லூர்து இறங்கி வந்தான். என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"மச்சான், இதே மாதிரி நம்ம லாரிக்கும் பண்ணிக் குடு."

"போடா! லாரி ரெண்டு பக்கமும் திரும்பணும்டா," என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான். எந்த மண்ணில் ஓடப் போகிறது, எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று கேளுங்கள். அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.